நுரையீரல் அறுவைக்குப் பின்: புற்று மிச்சம் உண்டா என்று ரத்தம் சொல்லுமா?

நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து சில நாட்களில் பயாப்சி அறிக்கை கைக்கு வரும். வீட்டார் அதில் தேடுவது ஒரே வரியைத்தான்: வெட்டிய ஓரங்களில் புற்று இல்லை. சர்ஜனும் "முழுசா எடுத்தாச்சு" என்பார். அவர் சொல்வதில் பொய் இல்லை. கைக்கும் கண்ணுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் எட்டியதையெல்லாம் எடுத்துவிட்டார். ஆனாலும் நுரையீரல் புற்றுகளில் சுமார் 85 சதவீதமாக இருக்கும் 'சிறுசெல் அல்லாத' வகையில், முழுமையாக அறுத்தெடுக்கப்பட்டவர்களிலேயே 30 முதல் 55 சதவீதம் பேருக்கு நோய் திரும்புகிறது.

கோரையைப் பிடுங்கிய வயல் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருக்கும். கிழங்கு மண்ணுக்குள் கிடப்பது அடுத்த மழைக்குப் பிறகே தெரியும். கத்தி படுவதற்கு முன்பே சில புற்றுச் செல்கள் ரத்தத்திலோ நிணநீரிலோ ஏறி, எலும்பு, கல்லீரல், மூளை, மறுபக்க நுரையீரல் என்று எங்காவது இறங்கியிருக்கலாம். கோடிக்கணக்கில் பெருகிக் கட்டியாகும் வரை சி.டி. ஸ்கேனுக்கு அவை அகப்படுவதில்லை.

யாருக்குத் திரும்பும் என்பதை இன்று பெரும்பாலும் நோயின் கட்டத்தை வைத்துத்தான் கணிக்கிறார்கள். கட்டி ஒரு சென்டிமீட்டருக்குள், நிணநீர்க் கட்டிகள் சுத்தம் என்றால், ஐந்தாண்டு கடந்து வாழ்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 90 பேர். மூன்றாம் கட்டத்தின் தொடக்கம் என்றால் 40 பேர் அளவில். கூட்டத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவர் அந்த 40-க்குள் இருக்கிறாரா, மீதி 60-க்குள் இருக்கிறாரா என்பதை அது சொல்லாது.

இது தெரியாததால் என்ன நடக்கிறது என்பதற்குக் கீமோ நல்ல உதாரணம். அறுவைக்குப் பிறகு சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ கொடுப்பதால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு கூடுவது சுமார் 5 சதவீதப் புள்ளி என்று, பல பெரிய ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2008-இல் வெளிவந்த அலசல் காட்டியது. அதாவது நூறு பேர் குமட்டலையும் காது இரைச்சலையும் சிறுநீரகப் பாதிப்பையும் தாங்கிக்கொள்ள, அதனால் கூடுதலாக உயிர் மிஞ்சுவது ஐந்து பேருக்கு. மற்றவர்களில் ஒரு பகுதியினர் அறுவையிலேயே குணமானவர்கள். இன்னொரு பகுதியினருக்குக் கீமோ கொடுத்தும் நோய் திரும்பும். இவர்களை முன்கூட்டியே பிரித்துக் காட்ட ஒரு ரத்தப் பரிசோதனை இருந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசை இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அந்த ஆசைக்கு வயது அதிகம். 1965-இல் மான்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் பெருங்குடல் புற்றிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். கருவிலிருக்கும் சிசுவின் குடலிலும் அது உண்டு. அதுதான் இன்று நம் ஊர் லேப் எல்லாவற்றிலும் பார்க்கப்படும் சி.இ.ஏ. குடலோடு அது நிற்பதில்லை. நுரையீரல் புற்றில், குறிப்பாக அடினோகார்சினோமா என்ற சுரப்பி வகையில், கணிசமான பேருக்கு ஏறுகிறது. செதில் வகைப் புற்றுக்கு சைஃப்ரா 21-1 என்ற வேறொரு குறியீடு உண்டு. சிறுசெல் வகைக்கு என்.எஸ்.இ.

இவற்றில் உருப்படியான தகவல் ஒன்று இருக்கிறது. அறுவைக்கு முன் சி.இ.ஏ. உயர்ந்திருந்து, அறுவைக்குப் பின்னும் இறங்காமல் நின்றால், அது நல்ல அறிகுறி இல்லை. எங்கோ மிச்சம் இருக்கிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. இறங்கி, பல மாதங்கள் அமைதியாக இருந்து, பின்பு மூன்று நான்கு தடவை தொடர்ச்சியாக ஏறினாலும் அப்படியே. ஆனால் நடைமுறையில் நான் பார்ப்பது வேறு: எல்லை 5 என்று அச்சடித்த அறிக்கையில் 6.2 என்று வந்து, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் விழுந்துவிட்டால், அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. புகைபிடிப்பவர்களுக்கு சி.இ.ஏ. இயல்பாகவே கூடுதலாக இருக்கும். கல்லீரல் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் அழற்சி, குடல் அழற்சி ஆகியவையும் அதை ஏற்றும். சைஃப்ரா சிறுநீரகம் தளர்ந்தாலே ஏறும். என்.எஸ்.இ.யின் கதை இன்னும் வேடிக்கை. அது சிவப்பணுக்களுக்குள்ளும் இருப்பதால், ரத்தம் எடுத்த குழாயைக் குலுக்கினாலோ, பிரிக்காமல் அதிக நேரம் வைத்தாலோ, அணுக்கள் உடைந்து எண் தானாக எகிறும். லேபுக்கு லேப் முறையும் மாறும். ஒரு லேபில் 4, இன்னொன்றில் 6 என்றால் நோய் ஏறியது என்று அர்த்தமில்லை.

சாதாரண ரத்த எண்ணிக்கை அறிக்கையிலிருந்தே ஒரு கணக்குப் போடுவதும் உண்டு. நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்ஃபோசைட் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் விகிதம் உயர்ந்திருப்பவர்களுக்குப் பொதுவாக விளைவு மோசம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. சளிக் காய்ச்சல், ஸ்டீராய்டு மாத்திரை எதுவானாலும் இந்த விகிதத்தைக் குலைத்துவிடும். தனி ஒருவருக்கு முடிவெடுக்க இது உதவாது; விட்டுவிடலாம்.

இந்தக் குறைகளால்தான், முழுமையாகச் சிகிச்சை முடித்தவர்களிடம் நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க ரத்தக் குறியீடுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ 2020-இல் எழுதி வைத்தது. ஆனாலும் ஜப்பானில் சி.இ.ஏ. பார்த்து வரும் வழக்கம் பரவலாக இருக்கிறது.

இப்போது எல்லோர் கண்ணும் பதிந்திருப்பது ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. மேல். நம் எல்லோர் ரத்தத்திலும், செத்துப்போன செல்களிலிருந்து சிதறிய டி.என்.ஏ. துண்டுகள் மிதந்துகொண்டே இருக்கின்றன. 1948-இலேயே பிரான்சில் மாண்டெல், மெத்தே என்ற இருவர் இதைக் கண்டு எழுதினார்கள், டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் வெளிவருவதற்கு ஐந்தாண்டு முன்பு! யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1977-இல் புற்றுநோயாளிகளிடம் இத்துண்டுகள் கூடுதலாக இருப்பது தெரிந்தது. 1997-இல் டென்னிஸ் லோ, கர்ப்பிணியின் ரத்தத்தில் சிசுவின் டி.என்.ஏ. மிதப்பதைக் காட்டினார். கலந்து கிடக்கும் துண்டுகளில் அந்நியமானதைப் பொறுக்கியெடுக்க முடியும் என்ற நம்பிக்கை அதிலிருந்து வலுத்தது.

புற்றுக் கட்டியும் துண்டுகளைச் சிதறவிடுகிறது. அந்தத் துண்டுகளில் கட்டிக்கே உரிய எழுத்துப் பிழைகள், அதாவது மரபணு மாற்றங்கள், இருக்கும். சி.இ.ஏ. போல உடலின் வேறு பாகமும் செய்யும் புரதம் இல்லை இது. அந்த நோயாளியின் அந்தக் கட்டிக்கு மட்டுமே சொந்தமான கைரேகை. இன்னொரு வசதி, இத்துண்டுகள் ரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. சீனாவில் நடந்து 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கட்டியை எடுத்த பிறகு அதன் டி.என்.ஏ. ரத்தத்தில் பாதியாகக் குறைய எடுத்த நேரம் 35 நிமிடம்தான். ஆகவே அறுவை முடிந்து வாரங்கள் கழித்தும் கட்டியின் டி.என்.ஏ. ரத்தத்தில் தென்பட்டால், அது பழைய சரக்கு இல்லை. எங்கோ உயிரோடு இருக்கும் புற்று இன்றைக்குச் சிதறவிட்டது. மருத்துவர்கள் இதை எம்.ஆர்.டி. என்கிறார்கள்: கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சிய நோய்.

கேட்க எளிது. செய்வது எவ்வளவு கடினம் என்று புரிய, ஒரு குழாய் ரத்தத்தைக் கையில் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 மில்லி ரத்தத்தைச் சுழற்றினால் சுமார் 4 மில்லி பிளாஸ்மா தேறும். மில்லிக்கு 5 நானோகிராம் என்று கொண்டால் மொத்தம் 20 நானோகிராம் டி.என்.ஏ. ஒரு முழு மனித மரபுத் தொகுதியின் எடை 3.3 பிகோகிராம். ஆக அந்தக் குழாயில் இருப்பது சுமார் 6,000 பிரதிகள். அறுவைக்குப் பின் எஞ்சிய நோயில், பத்தாயிரம் துண்டுக்கு ஒன்றுதான் கட்டியிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு மரபணு மாற்றத்தைத் தேடினால் அந்தக் குழாயில் நமக்குக் கிடைக்கக்கூடியது 0.6 துண்டு. அதாவது நோய் இருந்தும் குழாயில் சாட்சி இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். எந்திரம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் குழாயில் இல்லாததைக் காட்ட முடியாது.

இதற்குத் தீர்வு, ஒரே மாற்றத்தைத் தேடாமல் பலவற்றைச் சேர்த்துத் தேடுவது. வெட்டியெடுத்த கட்டியின் டி.என்.ஏ.வை முழுசாக வரிசைப்படுத்தி, அதிலுள்ள மாற்றங்களின் பட்டியலை எடுத்து, அந்த நோயாளிக்கென்றே ஒரு சோதனையைத் தயாரிக்கிறார்கள். 16 இடங்களில் தேடினால் மேலே சொன்ன குழாயில் பத்துத் துண்டு அளவுக்கு எதிர்பார்க்கலாம். 200 இடம் என்றால் 120. அண்மைக் காலச் சோதனை ஒன்று 1,800 இடங்கள் வரை தேடுகிறது. அப்போது பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவிலும் பத்துத் துண்டு அகப்படும். லேபில் சேதாரம் போக இது குறையும் என்றாலும் கணக்கின் போக்கு இதுதான்.

இந்தத் துறையின் மிக முக்கியமான பாடம் லண்டனிலிருந்து வந்தது. ஃப்ரான்சிஸ் கிரிக் ஆய்வு நிறுவனத்தின் சார்ல்ஸ் ஸ்வான்டன் தலைமையில் 2014-இல் தொடங்கிய டிரேசர்எக்ஸ் என்ற ஆய்வு, அறுவை செய்துகொண்ட நுரையீரல் புற்றுநோயாளிகளைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்கிறது. 2017-இல் வெளிவந்த முதல் முடிவுகளில், அறுவைக்கு முன் ரத்தம் எடுத்த 96 பேரில் 46 பேரிடம் மட்டுமே கட்டி டி.என்.ஏ. தெரிந்தது. வகை பிரித்துப் பார்த்தால் வியப்பு: செதில் வகையில் 97 சதவீதம் பேரிடம் தெரிந்தது, அடினோகார்சினோமாவில் 19 சதவீதம்தான். செதில் வகை வேகமாக வளர்ந்து, நடுவே செத்து, துண்டுகளைக் கொட்டுகிறது. அடினோகார்சினோமா கமுக்கமானது. புகைபிடிக்காதவர்களுக்கும் பெண்களுக்கும் அதிகம் வருவது இந்த வகைதான் என்பதை மறக்கக் கூடாது. 10 கன சென்டிமீட்டர் கட்டி, அதாவது சுமார் 2.7 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ளது, ரத்தத்தில் விடும் பங்கு வெறும் 0.1 சதவீதம் என்று அதே ஆய்வு கணக்கிட்டது. அவ்வளவு பெரிய கட்டியே அவ்வளவுதான் சிதறுகிறது என்றால், எடுத்தபின் எஞ்சிய சில ஆயிரம் செல்கள் எவ்வளவு சிதறும்?

அறுவைக்குப் பின் தொடர்ந்து ரத்தம் எடுக்கப்பட்டு, நோய் திரும்பிய 14 பேரில் 13 பேரிடம் ஸ்கேன் காட்டுவதற்கு முன்போ, அதே சமயத்திலோ ரத்தம் காட்டிவிட்டது. முந்திச் சொன்ன கால அளவின் நடு மதிப்பு 70 நாள். குறைந்த அளவு பத்து நாள், அதிக அளவு 346 நாள். அதே ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த சிறிய ஆய்வில் இது 5.2 மாதம்.

2023-இல் டிரேசர்எக்ஸ் குழு 197 பேரின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளை அலசி வெளியிட்டது. மருத்துவமனையில் டாக்டரோடு பேசும்போது கையில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் அதில்தான் இருக்கிறது: பின்னால் நோய் திரும்பியவர்களில், அறுவைக்குப் பின் 120 நாளுக்குள் ரத்தம் 'உண்டு' என்று காட்டியது 49 சதவீதம் பேருக்கு. மீதிப் பாதிப் பேருக்கு அப்போது 'இல்லை' என்றே வந்தது. 'உண்டு' என்று வந்தால் பெரும்பாலும் நம்பலாம். 'இல்லை' என்று ஒரு தடவை வந்ததை வைத்து நிம்மதியடைவதற்கில்லை.

திரும்பத் திரும்பப் பார்த்தால் நிலைமை மேம்படுகிறது. குவாங்சோவில் வூ யிலாங் குழுவினர் 261 பேரைத் தொடர்ந்து சோதித்து 2022-இல் எழுதியதில், எல்லா முறையும் 'இல்லை' என்றே வந்தவர்களில் 3.2 சதவீதம் பேருக்குத்தான் நோய் திரும்பியது. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் அதிலும் ஓர் ஓட்டை. மூளையில் மட்டும் நோய் திரும்பியவர்களை ரத்தம் பெரும்பாலும் பிடிக்கவில்லை. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பைத் தாண்டித் துண்டுகள் எளிதில் வெளியே வருவதில்லை. நுரையீரல் புற்று விரும்பிப் போகும் இடங்களில் மூளையும் ஒன்று என்பதால் இது சின்ன ஓட்டை இல்லை. சோதனைகளும் கூர்மையாகி வருகின்றன. 2025-இல் வெளிவந்த, 1,800 இடம் வரை தேடும் சோதனை, அறுவைக்கு முன் அடினோகார்சினோமாவிலும் 81 சதவீதம் பேரிடம் கட்டி டி.என்.ஏ.வைக் கண்டது, முதல் கட்டத்தில் இருந்தவர்களில் 53 சதவீதம். 19-இலிருந்து 81 என்பது பெரிய தாவல். வழி சரியான திசையில்தான் போகிறது.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும். வயதாக ஆக எலும்பு மஜ்ஜையிலுள்ள சில செல்களில் தானாக மரபணு மாற்றங்கள் சேர்ந்து, அவற்றின் வாரிசுகள் ரத்தத்தில் பெருகும். அவை சிதறவிடும் துண்டுகளைக் கட்டியினுடையது என்று சோதனை தவறாக எண்ணலாம். நல்ல லேபுகள் அதே குழாயிலுள்ள வெள்ளையணுக்களின் டி.என்.ஏ.வையும் தனியாக வரிசைப்படுத்தி இவற்றைக் கழித்துவிடுகின்றன. அப்படிச் செய்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது தவறில்லை.

சரி, முன்கூட்டித் தெரிந்துவிட்டது. அதனால் ஆயுள் கூடுமா? விளம்பரங்கள் சட்டென்று தாண்டிப்போகும் இடம் இது. ஒருவருக்கு நோய் எப்படியும் 30-ஆம் மாதம் உயிரைப் பறிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 18-ஆம் மாதம் ஸ்கேனில் தெரிந்தால், நோய் திரும்பியபின் 12 மாதம் இருந்தார் என்போம். 13-ஆம் மாதமே ரத்தத்தில் தெரிந்தால் 17 மாதம் இருந்தார் என்போம். ஐந்து மாதம் கூடியது கணக்கில்தான். அந்த மனிதருக்கு ஒரு நாளும் கூடவில்லை. கவலையோடு கழித்த நாள்தான் கூடியது.

கற்பனைக் கணக்கு என்று இதை ஒதுக்க முடியாது. சினைப்பைப் புற்றில் சிஏ-125 என்ற குறியீடு ஏறியவுடனே கீமோ தொடங்கியவர்களையும், அறிகுறி வரும் வரை காத்திருந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2010-இல் வந்தது. முதல் குழுவுக்கு உயிர்வாழ்வின் நடு மதிப்பு 25.7 மாதம், இரண்டாம் குழுவுக்கு 27.1 மாதம். சீக்கிரம் தெரிந்ததால் ஆயுள் கூடவில்லை; கீமோதான் சீக்கிரம் வந்தது. நுரையீரல் புற்றிலும், பிரான்சில் 1,775 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு சி.டி. ஸ்கேனோடும் மற்றொன்றுக்கு மார்பு எக்ஸ்ரேயோடும் கண்காணித்த ஆய்வில் உயிர்வாழ்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அவர்கள் சேர்க்கப்பட்டது இன்றைய இலக்கு மாத்திரைகளும் இம்யூனோதெரபியும் பரவுவதற்கு முன். இன்று அந்த மருந்துகள் இருப்பதால் முடிவு மாறலாம் என்று வாதிட நியாயம் உண்டு. ஆனால் வாதம் வேறு, நிரூபணம் வேறு.

நிரூபிக்கத் தொடங்கிய முயற்சியும் பாதியில் நின்றது. அறுவைக்குப் பின் எம்.ஆர்.டி. இருப்பவர்களுக்கு துர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி கொடுத்துப் பார்க்கத் திட்டமிட்ட மெர்மெய்ட் ஆய்வுகள் இரண்டிலும் ஆள் சேர்ப்பு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. கேட்ட கேள்விக்கு உறுதியான பதில் கிடைக்கவில்லை.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது மறுபக்கம், அதாவது தேவையில்லாத சிகிச்சையைத் தவிர்ப்பது. பெருங்குடல் புற்றின் இரண்டாம் கட்டத்தில் ஆஸ்திரேலியாவில் 455 பேரிடம் நடந்த டைனமிக் ஆய்வு 2022-இல் இதைச் செய்து காட்டியது. ரத்தத்தைப் பார்த்து முடிவெடுத்த குழுவில் கீமோ பெற்றவர்கள் 15 சதவீதம். வழக்கப்படி முடிவெடுத்த குழுவில் 28. ஈராண்டு கழித்து நோயின்றி இருந்தவர்கள் 93.5-க்கு 92.4, கிட்டத்தட்ட சமம். கீமோ பெறுபவர்களைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தும் இழப்பு இல்லை. நுரையீரலில் இதே நிரூபணம் இன்னும் வரவில்லை. வந்தால் எங்கே உதவும் என்பதற்கு ஓர் உதாரணம்: இந்தியர்கள் உட்பட ஆசியர்களிடம் அதிகம் காணப்படும் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு அறுவைக்குப் பின் மூன்றாண்டு ஒசிமெர்டினிப் மாத்திரை தருகிறார்கள். ஐந்தாண்டு உயிர்வாழ்வு 78-இலிருந்து 88 சதவீதமாக உயர்ந்தது. யாருக்கு மூன்றாண்டும் வேண்டும், யாருக்கு அதன் பிறகும் வேண்டும் என்பதை ரத்தம் பிரித்துக் காட்டினால், விலையுயர்ந்த அந்த மாத்திரைக்கும் பக்க விளைவுக்கும் பெரிய அர்த்தம் கிடைக்கும்.

அறுவை முடித்தவர்கள் இப்போதைக்கு என்ன செய்வது? சி.இ.ஏ. அறுவைக்கு முன் உயர்ந்திருந்தால் பின்தொடர்வதில் ஓரளவு பொருள் உண்டு. ஒரே லேபில், ஒரே முறையில் பாருங்கள், ஒற்றை எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். முதலிலேயே இயல்பாக இருந்தவருக்கு அது பெரிதாக எதையும் சொல்லாது. கட்டி டி.என்.ஏ. சோதனையை யாராவது பரிந்துரைத்தால், பணம் கட்டுவதற்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டியது: "உண்டுன்னு வந்தா எனக்கு எந்தச் சிகிச்சை மாறும், இல்லைன்னு வந்தா எது மாறும்?" இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். கட்டியை வைத்துத் தயாரிக்கும் சோதனைக்கு பயாப்சியின் மெழுகு பிளாக் வேண்டும். அது எங்கே இருக்கிறது, எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்று மருத்துவமனையில் இப்போதே விசாரித்து வைப்பது நல்லது. நாளைக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். பார்ப்பதற்கும் அதே பிளாக்தான் தேவைப்படும்.

ஸ்கேன் சுத்தமாக இருந்து ரத்தம் மட்டும் 'உண்டு' என்று வந்தால், உடனே கீமோ என்று யாரும் குதிப்பதில்லை. சோதனையை மறுபடி செய்து உறுதிப்படுத்துவார்கள், பெட்-சி.டி.யும் மூளைக்கு எம்.ஆர்.ஐ.யும் எடுத்துப் பார்ப்பார்கள், அடுத்த ஸ்கேனை நெருக்கி வைப்பார்கள், பொருத்தமான மருத்துவ ஆய்வு இருந்தால் அதில் சேரச் சொல்வார்கள். 'இல்லை' என்று வந்தாலோ, முதல் ஈராண்டு ஆறு மாதத்துக்கு ஒரு தடவையும் பிறகு ஆண்டுக்கு ஒரு தடவையும் என்ற சி.டி. அட்டவணையில் ஒன்றைக்கூட விடக் கூடாது. அந்த ஸ்கேன் பழைய நோயை மட்டும் தேடவில்லை. ஒரு தடவை நுரையீரல் புற்று வந்தவருக்குப் புதிதாக இரண்டாவது புற்று முளைக்கும் ஆபத்தும் உண்டு. பழைய கட்டியின் பட்டியலை வைத்துத் தேடும் ரத்தச் சோதனைக்கு அந்தப் புதிய கட்டியின் கைரேகை தெரியாது.